வோல்டேஜ் மாறவில்லை, பிக்சல் மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். கண்ணாடி மேல் ஐடிஓ (ஒளி ஊடுருவும் மின்முனை), அதன் மேல் சுமார் 1 மைக்ரான் தடிமனில் டெஃப்லான் ஏஎஃப் என்ற ஃப்ளோரோபாலிமர் (தண்ணீர் ஒட்டாத பாலிமர்) படலம், சதுரக் கட்டங்கள், சாயம் கலந்த எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். இப்படி, வோல்டேஜால் எண்ணெயை ஒதுக்கிப் படம் காட்டும் எலக்ட்ரோவெட்டிங் முறையில் ஒரு சோதனை செல் செய்திருக்கிறீர்கள். 30 வோல்ட் டிசி கொடுத்தால் எண்ணெய் ஒதுங்கி பிக்சல் நன்றாகத் திறக்கிறது. ஆனால் வோல்டேஜை அப்படியே பிடித்து வைத்திருந்தும், ஒரு நிமிடத்துக்குள் எண்ணெய் மெல்லத் திரும்பி வந்து மூடத் தொடங்குகிறது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் முதல் தடவை திறந்த அளவுக்குத் திறப்பதில்லை. மின்னூட்டம் உள்ளே சிக்கிக்கொண்டதால் இப்படி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அப்படியென்றால் என் படலம் கெட்டுவிட்டதா, புதிதாகச் செய்ய வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் பார்ப்பது உண்மையிலேயே சிக்கிய மின்னூட்டத்தின் வேலைதானா என்பது ஒன்று. அதுதான் என்றால் அது போகுமா, அங்கேயே தங்குமா என்பது இன்னொன்று. பலரும் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதுக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படிக் குதித்து நாட்களை வீணடித்தவன்தான், அதைக் கீழே சொல்கிறேன். நான் பல வருடம் இந்த மாதிரி செல்களை அளப்பதில் வேலை பார்த்தவன். சாய வேதியியல் என் துறை இல்லை, எனவே எண்ணெய்க்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை வெறுக்கும் பரப்பின் மேல் எண்ணெயும் தண்ணீரும் இருந்தால், எண்ணெய் பரப்பை முழுக்க மூடிக்கொள்ளும், தண்ணீர் அதன் மேல் நிற்கும். பிக்சல் நிறமாகத் தெரியும் நிலை அது. தண்ணீருக்கும் அடியில் இருக்கும் மின்முனைக்கும் இடையே வோல்டேஜ் கொடுத்தால் ஒரு மின்தேக்கி உருவாகிறது: தண்ணீர் ஒரு தகடு, ஐடிஓ மற்றொரு தகடு, நடுவில் ஃப்ளோரோபாலிமர். தண்ணீர் படலத்தைத் தொட்டு அந்த மின்தேக்கியைப் பெரிதாக்கப் பார்க்கும். எண்ணெய் ஒரு மூலைக்கு ஒதுங்கும், அடியில் இருக்கும் வெளிச்சம் தெரியும். மின்னழுத்தத்தால் பரப்பு இழுவிசை மாறுவதைப் பாதரசத்தில் காப்ரியேல் லிப்மன் 1875-இலேயே விளக்கிவிட்டார். திரவத்தையும் மின்முனையையும் ஒரு காப்புப் படலத்தால் பிரிக்கும் இன்றைய வடிவம் 1993-இல் புரூனோ பெர்ஜ் காட்டியது. பிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் ஹேய்ஸும் ஃபீன்ஸ்ட்ராவும் 2003-இல் நேச்சர் இதழில் எழுதிய பிறகுதான், வீடியோ ஓட்டும் வேகத்தில் இதைத் திரையாக்க முடியும் என்று பலரும் நம்பினார்கள்.

இப்போது முக்கியமான இடம். தண்ணீரின் சேர்கோணம் (தண்ணீரின் விளிம்பு படலத்தைத் தொடும் கோணம்) எவ்வளவு மாறுகிறது என்பது வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. இருமடி என்பதால் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது கணக்கில் வராது. கூட்டல் 30 வோல்ட்டும் கழித்தல் 30 வோல்ட்டும் ஒரே அளவு திறக்க வேண்டும். வோல்டேஜை எக்ஸ் அச்சிலும் சேர்கோணத்தின் கோசைனை ஒய் அச்சிலும் வரைந்தால், பூஜ்யத்தில் உச்சி வைத்த ஒரு பரவளையம் கிடைக்கும். படலத்துக்குள் மின்னூட்டம் சிக்கினால் பரவளையத்தின் வடிவம் மாறாது, அது அப்படியே பக்கவாட்டில் நகரும். வெர்ஹெய்யனும் பிரின்ஸும் 1999-இல் எழுதியது இதைத்தான்: சமன்பாட்டில் வோல்டேஜ் இருக்கும் இடத்தில், வோல்டேஜிலிருந்து ஒரு நகர்வைக் கழித்துவிட்டு இருமடி எடுக்க வேண்டும். அந்த நகர்வின் அளவு, சிக்கிய மின்னூட்டம் உண்டாக்கும் வோல்டேஜ். இங்கே வசதிக்காக அதை நகர்வு வோல்டேஜ் என்கிறேன்.

ஆகவே சிக்கிய மின்னூட்டத்தால் உங்கள் விசை தேய்ந்து போகவில்லை, அளவுகோலின் பூஜ்யம்தான் தள்ளிப் போய்விட்டது. கூட்டல் பக்கம் எவ்வளவு இழந்தீர்களோ, கழித்தல் பக்கம் அதைவிடக் கூடுதலாகவே கிடைத்திருக்கும். உங்கள் சோதனைக்குத் தேவையான திறவுகோல் இதுதான்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். டெஃப்லான் ஏஎஃப் 1600 என்ற ரகத்தின் மின்காப்பு மாறிலி (மின்தேக்கியின் நடுவே வைத்தால் அதன் கொள்ளளவு எத்தனை மடங்காகும் என்ற எண்) 1.93. படலம் 1 மைக்ரான். தண்ணீரை ஒட்டிய மேல்பரப்பில் சதுர மீட்டருக்கு 0.1 மில்லிகூலும் சிக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு உதாரணம்தான், உங்கள் செல்லின் அளவீடு இல்லை. நகர்வு வோல்டேஜ் கிட்டத்தட்ட 5.9 வோல்ட் வரும். 30 வோல்ட் கொடுத்தாலும் தண்ணீர் உணர்வது 24 வோல்ட் சொச்சம்தான், இருமடி எடுத்தால் விசை முன்பிருந்ததில் சுமார் 65 சதவீதம். 20 வோல்ட்டில் இயங்கும் நடுத்தரச் சாம்பல் நிலையில் அடி இன்னும் பலம், பாதி விசைதான் மிஞ்சும். எண்ணெய்ப் படலம் உடைந்து திறக்கவே 15 வோல்ட் வேண்டும் என்றால், இனி அதற்குக் கிட்டத்தட்ட 21 வோல்ட் வேண்டும். கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டிய பிக்சல் திறக்காமலே கிடக்கும். முழு வெள்ளையில் அவ்வளவாகக் கண்ணில் படாத கோளாறு மங்கலான நிலைகளில் அப்பட்டமாகத் தெரிவது இதனால்தான்.

இத்தனைக்கும் அந்த மின்னூட்டம் மிகச் சொற்பம். 0.1 மில்லிகூலும் என்றால் ஒரு சதுர மைக்ரானில் சுமார் 620 எலக்ட்ரான்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 40 நானோமீட்டர் இடைவெளி. 150 மைக்ரான் பக்கம் கொண்ட பிக்சலில் மொத்தம் 1.4 கோடி எலக்ட்ரான்கள். கேட்க நிறைய மாதிரி இருந்தாலும் அது 2 பிகோகூலும் சொச்சம்தான். அது ஒரு நிமிடத்தில் உள்ளே போகிறது என்றால் மின்னோட்டம் பிகோஆம்பியரில் நூறில் சில பங்கு. தனி பிக்சலில் அதை அளக்கலாம் என்று மீட்டரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். கூட்டல் 30 வோல்ட்டில் பிக்சலைத் திறந்து வையுங்கள். அது மூடிக்கொண்டு வரும்போது, நடுவில் பூஜ்யத்தில் நிறுத்தாமல், சட்டென்று கழித்தல் 30-க்கு மாற்றுங்கள். மாற்றம் எண்ணெய் அசைவதற்குள் முடிந்துவிட வேண்டும். எண்ணெய்க்குச் சில மில்லிசெகண்டாவது தேவை என்பதால், ஒரு மில்லிசெகண்டுக்குள் துருவம் மாற்றும் எந்த ஆம்ப்ளிஃபயரும் போதும். மாற்றிய முதல் ஒரு செகண்டில் என்ன நடக்கிறது என்று கேமராவில் பிடியுங்கள். முதல் நாள் திறந்ததைவிட அகலமாகத் திறந்தால், சிக்கிய மின்னூட்டம்தான், பெரிதாகச் சந்தேகப்பட வேண்டியதில்லை. மேலே சொன்ன உதாரணத்தில் விசை 143 சதவீதமாக எகிறும், கண்ணுக்கே தெரியும். எந்தத் துருவத்திலும் பழைய அளவுக்கு வராமல் அரைகுறையாகவே நின்றால், உங்கள் வோல்டேஜ் வேறெங்கோ கசிகிறது. படலத்தில் ஊசித்துளை இருக்கலாம், டிரைவர் இறங்கியிருக்கலாம், தண்ணீருக்குள் வைத்த மின்முனையின் இணைப்பு மோசமாக இருக்கலாம்.

ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் பட்ட பாடு இது. டிஎஃப்டி (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு மெல்படல டிரான்சிஸ்டர்) அடித்தளம் வைத்த செல் ஒன்றில் இதே மாதிரி மூடல். பிக்சல் மின்தேக்கியில் சேமித்த வோல்டேஜ் டிரான்சிஸ்டர் வழியாகக் கசிந்து இறங்குகிறது என்று முடிவு கட்டி, புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டினேன், சேமிப்பு மின்தேக்கியை மாற்றச் சொன்னேன். இரண்டு வாரம் போனது. கடைசியில் டிரான்சிஸ்டரே இல்லாத சாதாரண ஐடிஓ செல்லிலும் அதேதான் நடக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர் காட்டினார். துருவம் மாற்றிப் பார்க்க ஆன நேரம் ஐந்து நிமிடம். அப்போதிருந்து, டிஎஃப்டி இருக்கிற செல்லில் எதையும் நான் முதலில் நம்புவதில்லை. வோல்டேஜ் இறக்கமும் மின்னூட்டச் சிக்கலும் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

சோதனை செய்யும்போது ஒரு எச்சரிக்கை. புத்தம் புதுப் படலத்திலும் பரவளையத்தின் உச்சி சரியாகப் பூஜ்யத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃப்ளோரோபாலிமர் தண்ணீரைத் தொட்டாலே வோல்டேஜ் எதுவும் கொடுக்காமலேயே எதிர்மின்னூட்டம் பெறும். அதனால் புது செல்லில் முதல் வேலையாக, குறைந்த வோல்டேஜ் வரை இரு துருவத்திலும் ஒரு வளைவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் நகர்வை அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் உலோகமும் ஐடிஓவும் வேறு வேறு பொருள் என்பதால் அங்கேயும் ஒரு சிறு அழுத்த வேறுபாடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வோல்ட்டுக்கும் குறைவான நகர்வை வைத்துப் பெரிய முடிவுகள் எடுக்க வேண்டாம்.

மின்னூட்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். நகர்வு வோல்டேஜ், அடி மின்முனையிலிருந்து மின்னூட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்கு நேர்விகிதம். தண்ணீரை ஒட்டிய மேல்பரப்பில் இருந்தால் முழு விளைவும் தெரியும். படலத்தின் நடு உயரத்தில் என்றால் பாதி. ஐடிஓவை ஒட்டியிருந்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது, அந்த மின்னூட்டத்தை ஐடிஓவே சரிக்கட்டிவிடும். ஆகவே வளைவு நகர்ந்த அளவை வைத்து "இவ்வளவு மின்னூட்டம் சிக்கியிருக்கிறது" என்று சொல்வது, அதன் இருப்பிடத்தைப் பற்றி ஓர் அனுமானத்தை உள்ளே வைத்துச் சொல்வதுதான். மேல்பரப்பில் கொஞ்சமா, ஆழத்தில் நிறையவா என்பதை வளைவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதோடு, மின்னூட்டம் பெரும்பாலும் தண்ணீர் தொட்ட இடத்தில்தான் சேரும். எண்ணெய் ஒதுங்கி நின்ற மூலை சுத்தமாக இருக்கும், திறந்த பகுதி மட்டும் மின்னூட்டம் ஏறியிருக்கும். ஒரே பிக்சலுக்குள்ளேயே இப்படி மேடு பள்ளம் வந்துவிட்டால், அடுத்த முறை எண்ணெய் எங்கே உடையும், எந்த மூலைக்கு ஓடும் என்பதே மாறக்கூடும். திரை என்று பார்த்தால், நேற்று வெள்ளையாக நின்ற பிக்சலும் கருப்பாக நின்ற பிக்சலும் இன்று ஒரே சாம்பல் நிலை கேட்டால் வேறு வேறு அளவில் திறக்கும். பழைய படத்தின் நிழல் தெரிகிறது என்று சொல்வது இதைத்தான்.

எதனால் உள்ளே போகிறது? மின்புலம். 1 மைக்ரானில் 30 வோல்ட் என்றால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட். இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் தெரியாமல் அதில் விழுகிறார்கள். குறைந்த வோல்டேஜில் ஓட்ட வேண்டும் என்று படலத்தை மெலிதாக்குவார்கள். அதே சேர்கோண மாற்றம் கிடைக்க, வோல்டேஜின் இருமடியைத் தடிமனால் வகுத்து வருவது மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே தடிமனை நாலில் ஒன்றாக்கினால் வோல்டேஜ் பாதியாகத்தான் குறையும், மின்புலமோ இரண்டு மடங்காகும். 30 வோல்ட் 15 ஆகிவிட்டது என்று சந்தோஷப்படும் நேரத்தில் படலம் முன்பைவிட இரட்டிப்பு நெருக்கடியில் இருக்கிறது. சிலிக்கான் நைட்ரைடு மாதிரி மின்காப்பு மாறிலி அதிகமான படலத்தை அடியில் போட்டு, மேலே மெல்லிய ஃப்ளோரோபாலிமர் பூசுவது வழக்கமான மாற்று. அதிலும் இதே கதைதான். இரண்டு படலங்களிலும் மின்புலம் அவற்றின் மாறிலிக்குத் தலைகீழ் விகிதத்தில் பங்கிடப்படும் என்பதால், மாறிலி 7 உள்ள நைட்ரைடின் மேல் இருக்கும் 1.93-காரன் மூன்றரை மடங்குக்கும் அதிகமான மின்புலத்தைச் சுமக்கிறான். கூடவே, இரண்டு படலங்களும் சந்திக்கும் இடமே மின்னூட்டம் தங்க ஒரு திண்ணை. ஊசித்துளையை அடைக்க இரட்டைப் படலம் அருமையான வழி. மின்னூட்டச் சிக்கலுக்கு அதுவே மருந்து என்று யாராவது சொன்னால் நான் அளவீடு கேட்பேன்.

செய்முறையையும் ஒரு பார்வை பாருங்கள். ஃப்ளோரோபாலிமர் மேல் கட்டச் சுவருக்கான ரெசிஸ்ட் (ஒளியால் வடிவமைக்கும் பூச்சு) ஒட்டாது. அதனால் பிளாஸ்மாவில் மேல்பரப்பைக் கொஞ்சம் கெடுத்து, சுவர் கட்டி முடித்த பிறகு, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு (பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை) மேலே சூடாக்கி மறுபடி நீர்வெறுக்கும் பரப்பாக்குவது வழக்கம். டெஃப்லான் ஏஎஃப் 1600-க்கு அந்த வெப்பநிலை 160 டிகிரி செல்சியஸ். சேர்கோணம் பழையபடி வந்துவிட்டது என்பதால் படலமும் பழையபடி ஆகிவிட்டது என்று பொருள் இல்லை. பிளாஸ்மா உடைத்த பிணைப்புகள், மிச்சம் இருக்கும் கரைப்பான், ரெசிஸ்ட் எச்சம் எல்லாமே மின்னூட்டம் தங்க இடம் கொடுக்கும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. சுவரே கட்டாத, பிளாஸ்மாவே பார்க்காத ஒரு வெறும் படலத்தில் ஒரு துளி தண்ணீரை எண்ணெய்க்குள் வைத்து அதே வோல்டேஜில் பிடித்துப் பாருங்கள். அதில் நகர்வு மிகக் குறைவாக இருந்தால் குற்றவாளி உங்கள் செய்முறைதான், பாலிமரைத் திட்டாதீர்கள்.

ஓட்டும் முறை பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் உங்கள் செல்லைப் பிரிக்காமலே நீங்கள் செய்யக்கூடியது அதுதான். மின்துகள் நகர்ந்து படம் காட்டும் மின்தாளில் படத்தை மாற்றும்போது மட்டும் வோல்டேஜ் கொடுத்தால் போதும். வழக்கமான எலக்ட்ரோவெட்டிங் பிக்சல் அப்படி இல்லை, திறந்தே இருக்க வேண்டுமானால் வோல்டேஜும் இருந்துகொண்டே இருக்க வேண்டும். எனவே இந்தத் திரைக்கு ஓடும் வீடியோ சுகம், அசையாத படம்தான் தண்டனை. டிசியில் ஒரே துருவத்தில் பிடித்து வைப்பது மின்னூட்டத்தை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். துருவத்தை மாறி மாறிக் கொடுத்தால் ஒரு பக்கம் சேர்ந்தது மறுபக்கத்தில் திரும்பும். இடையிடையே, எண்ணெய் திரும்பி வர நேரம் கிடைக்காத அளவு குறுகிய பூஜ்யத் துடிப்பு கொடுத்து ஆழமில்லாத பொறிகளை (மின்னூட்டம் சிக்கும் இடங்களை) காலி செய்வதும் நடைமுறையில் இருக்கிறது.

துருவம் மாற்றும்போது ஒரு சதுர அலையைப் பயன்படுத்துங்கள், சைன் வேண்டாம். சதுர அலையில் வோல்டேஜின் இருமடி எப்போதும் ஒன்றுதான், எனவே வெளிச்சம் அலையாமல் நிற்க வேண்டும். இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு சின்னக் கருவி கிடைக்கிறது. நகர்வு வோல்டேஜ் இருந்தால் கூட்டல் பாதியில் ஒரு விசை, கழித்தல் பாதியில் வேறொரு விசை. ஆகவே வெளிச்சம் ஓட்டும் அதிர்வெண்ணிலேயே மினுக்கும். சைன் அலையிலும் இதைப் பார்க்கலாம்: சிக்கிய மின்னூட்டம் இல்லாத செல் ஓட்டும் அதிர்வெண்ணின் இரண்டு மடங்கில் மட்டுமே ஆடும், மின்னூட்டம் இருந்தால் அடிப்படை அதிர்வெண்ணிலும் ஒரு கூறு தலைகாட்டும். ஒரு ஃபோட்டோடயோடும் அலைக்காட்டியும் இருந்தால், கூறின் உயரம் நாளுக்கு நாள் எப்படி வளர்கிறது என்று செல்லைத் தொடாமலே கண்காணிக்கலாம். எண்ணெய் பின்தொடரக்கூடிய வேகத்தில், சில பத்து ஹெர்ட்ஸுக்குள், ஓட்டினால்தான் இது தெரியும். அதற்கு மேலே போனால் எண்ணெய் சராசரியை மட்டும் உணரும், மினுக்கல் மறைந்துவிடும். மறைந்தது மினுக்கல்தான், மின்னூட்டம் அங்கேயேதான் இருக்கும். அதிர்வெண்ணை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. மின்தேக்கியை ஒவ்வொரு சுற்றிலும் நிரப்பிக் காலி செய்வதால் மின்செலவு அதிர்வெண்ணோடு நேராக ஏறும்.

இதுவரை சொன்னதில் வளைவு நகர்வது, மின்புலம் ஏற ஏறச் சிக்கல் கூடுவது, துருவம் மாற்றினால் குறைவது ஆகிய மூன்றும் உறுதியானவை. இனி சொல்பவை அப்படி இல்லை. உள்ளே போவது எலக்ட்ரானா, தண்ணீரில் இருக்கும் ஹைட்ராக்சைடு அயனியா, கரைத்த உப்பின் அயனியா என்பதில் துறைக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. பெரிய அயனிகள் உள்ள கரைசலில் படலம் அதிக நேரம் தாங்குகிறது என்று காட்டிய சோதனைகள் உண்டு, அது அயனி ஊடுருவலைச் சுட்டுகிறது. ஆனால் அவை படலம் உடைவதைப் பற்றியவை. மெல்ல மெல்ல மின்னூட்டம் சேர்வதும் அதே வழியில்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அதேபோல, வோல்டேஜை எவ்வளவு கூட்டினாலும் ஒரு எல்லைக்கு மேல் சேர்கோணம் இறங்காமல் நின்றுவிடும் செறிவு நிலைக்கும் சிக்கிய மின்னூட்டமே காரணம் என்று ஒரு காலத்தில் பலர் எழுதினார்கள். வெர்ஹெய்யனும் பிரின்ஸும் கொடுத்த விளக்கமும் அந்தத் திசையில்தான் இருந்தது. பின்னால் வந்த அளவீடுகளில், பொருளையும் திரவத்தையும் தடிமனையும் மாற்றினாலும் செறிவுக் கோணம் பெரிதாக அசையவில்லை. மின்னூட்டம் மட்டுமே காரணம் என்றால் படலத்துக்குப் படலம் அது மாறியிருக்க வேண்டும். எனவே செறிவு வேறு, சிக்கல் வேறு, இரண்டும் சில சமயம் சேர்ந்து வரும் என்று வைத்துக்கொள்வதே என் வழக்கம். எண்ணெய் திரும்பி வருவதில் சாயத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்கிறார்கள். முனைவுத்தன்மை உள்ள சாயம் எண்ணெயையே கொஞ்சம் மின்கடத்தியாக்கிவிடும் என்பது நியாயமாகத்தான் படுகிறது. இதைப் பிரித்துப் பார்க்க, சாயமே இல்லாத எண்ணெயில் அதே சோதனையை ஒரு முறை செய்யுங்கள், திறப்பை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

கடைசியாக, போகுமா தங்குமா. ஃப்ளோரோபாலிமர் மின்னூட்டத்தைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரன். 1962-இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் (மின்னூட்டத்தை நெடுங்காலம் பிடித்து வைக்கும் படலம்) மைக்ரோஃபோன் வகை, வருடக்கணக்கில் வேலை செய்ய முடிவதே இந்தக் குடும்பத்துப் படலங்கள் மின்னூட்டத்தை விடாமல் வைத்திருப்பதால்தான். அங்கே குணமாக இருப்பது நமக்கு நோய். எனவே "செல்லை ஷார்ட் செய்தால் எல்லாம் போய்விடும்" என்று சொல்வதை முழுதாக நம்பாதீர்கள். ஷார்ட் செய்தால் மின்முனைகளில் இருப்பது உடனே வழியும், படலத்துக்குள் இருப்பது வழியாது. தண்ணீரை ஒட்டி, ஆழமில்லாத பொறிகளில் இருப்பது மெல்ல வெளியேறும். ஆழத்தில் இருப்பதற்கு மணிக்கணக்கிலும் ஆகலாம், நாட்களும் ஆகலாம். எதிர்த்துருவம் கொடுத்து விரட்டலாம், வேலை செய்யும். ஆனால் அளவு தெரியாமல் கொடுத்தால் எதிர்க்குறி மின்னூட்டம் வேறொரு ஆழத்தில் போய் உட்கார்ந்து, வளைவு பூஜ்யத்தில் இருப்பது போலக் காட்டிக்கொண்டு உள்ளே இரண்டு அடுக்கு மின்னூட்டத்தோடு படலம் கிடக்கும். நான் செய்வது இதுதான்: குறைந்த வோல்டேஜில் தொடங்கும் சதுர அலையைத் துருவம் மாற்றி மாற்றிக் கொடுத்து, ஃபோட்டோடயோடில் அடிப்படை அதிர்வெண் கூறு அடங்கும் வரை பார்ப்பேன். அப்புறம் ஓர் இரவு ஷார்ட்டில் விட்டுவிட்டு, காலையில் மறுபடி வளைவு எடுப்பேன். மறுநாளும் நகர்வு அப்படியே நின்றால், திரவத்தை வெளியேற்றிவிட்டு 160 டிகிரிக்கு மேல் சுட்டால்தான் பெரும்பகுதி போகும். உங்கள் கட்டச் சுவர் அந்த வெப்பத்தைத் தாங்குமா என்று முதலில் ஒரு உபரித் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செல்லை நேரில் பார்க்காமல் சொல்வதால், இரண்டே இடங்களில் என் பதில் மாறும். துருவம் மாற்றியதும் அகலத் திறக்கவில்லை என்றால், வோல்டேஜை 5 வோல்ட் படிகளில் ஏற்றி, சுமார் 1 சதுர செண்டிமீட்டர் பரப்புள்ள செல்லில் கசிவு மின்னோட்டத்தை எழுதுங்கள். அந்தப் பரப்பில் நான் சொன்ன அளவு மின்னூட்டம் ஒரு நிமிடத்தில் ஏறுவது சராசரியாக 0.2 நானோஆம்பியருக்கும் கீழேதான், அதுவும் நேரத்தோடு குறைந்துகொண்டே போக வேண்டும். குறையாமல் நிலையாக நின்றாலோ பல மடங்கு இருந்தாலோ துளை இருக்கிறது. இன்னொன்று, பிக்சலுக்குள் எங்காவது நுண்குமிழி தெரிகிறதா என்று நுண்ணோக்கியில் பாருங்கள். குமிழி இருந்தால் அங்கே தண்ணீர் மின்னாற்பகுப்பு அடைகிறது, ஐடிஓவும் அரித்துக்கொண்டிருக்கும். அந்தத் துண்டைப் பொறுத்தவரை, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் ஆம், புதிதாகத்தான் செய்ய வேண்டும்.